உறைமண்ணில் ஒரு கீரைப்பாத்தி

மே 26

துஷ்யந்தி மத்தியான விமானத்தில் வந்து இறங்கினாள். இரண்டு பெட்டிகள். ஒன்றில் உடுப்பு, மற்றதில் அரிசி, மிளகாய்த்தூள், ஊறுகாய், கீரை விதை. ரொறன்ரோவிலிருந்து கனடாவின் இந்த வட நுனிக்கு வர விமானம் மாறி மாறி ஏற வேண்டும். கடைசி விமானத்தில் பாதி இருக்கை, பாதி சாமான். "என்னைச் சாமான் பக்கம்தான் இருத்தினவங்கள்" என்றாள்.

போன ஒக்டோபரில் எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஜனவரியில் மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போன பிறகு, ஒரு கோடைக்கு வந்து பார்க்கிறேன் என்று மாற்றிச் சொன்னாள். ஓகஸ்ட் கடைசியில் திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பிறகும் இருப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். இரவுக்குச் சோறும் பருப்பும் அவள் சமைத்தாள். நன்றாக இருந்தது.

மே 28

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் வீட்டைக் காலில நிப்பாட்டி வைச்சிருக்கினம்? கீழால காத்து அடிக்குது. சுத்திவரப் பலகை அடிச்சு மூடினா என்ன?"

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. கோடையில் மேல்மண் முழங்கால் ஆழத்துக்கு இளகும், கூடினால் இடுப்பளவு. அதற்குக் கீழே இருப்பது எந்தக் காலத்திலும் உருகாத மண். அதில் பாதி பனிக்கட்டி. வீட்டின் சூடு இறங்கினால் அது சேறாகும், வீடு அமுங்கும். அதனால்தான் சரளைக்கல் பரப்பி, கட்டைத் தூண் நிறுத்தி, காற்றுப் போக இடம் விட்டு மேலே வீட்டை வைக்கிறார்கள். தூணுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரும்பு ஜாக் இருக்கும். எந்த மூலை அமுங்குகிறதோ அந்த ஜாக்கைத் திருகி வீட்டை மட்டமாக்க வேண்டும். வீட்டுவசதி அலுவலகத்தில் அந்தத் திருகல்தான் என் உத்தியோகம். இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன்.

"அப்ப, வீட்டுக்குக் கீழ படுத்துக் கிடக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்கள்" என்றாள்.

ஓம் என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான்.

மே 31

அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. தலை நிறையச் சவர்க்காரத்தோடு கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். சமையலறைச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழிவுத் தாங்கி நிரம்பினால் தண்ணீர்ப் பம்ப் தானாக நின்றுவிடும். ஊரில் மாதிரி இங்கே மலக்குழி வெட்ட முடியாது. கீழே உறைந்த மண் அடைத்துக்கொண்டு நிற்பதால் ஒரு சொட்டும் இறங்காது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வெளியில் மிச்சம் கிடந்த பனியைப் பெரிய பானையில் உருக்கிச் சூடாக்கிக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு, "நான் என்ன செய்தா இது நிரம்பாது?" என்று கேட்டாள். கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

"சோறு வடிக்கிற கஞ்சி, அரிசி கழுவுற தண்ணி, இதுகளைச் சிங்குக்குள்ள ஊத்தாதேயும். வெளியில ஊத்தும்" என்றேன்.

ஜூன் 6

மரப்பெட்டி செய்து, தெற்கிலிருந்து வரும் மண்மூட்டை வாங்கி, அதில் தோட்டம் போடுவதுதான் இங்கத்தைய வழக்கம். நிலத்தில் ஒருவரும் போடுவதில்லை. துஷ்யந்திக்கு அது பிடிக்கவில்லை.

"பெட்டிக்குள்ள போட்டா அது தோட்டமே? கால் வைக்கிற மண்ணில ஒரு பிடி கீரை போடேலாதெண்டா, பிறகு என்ன இடம் இது?"

சமையலறை மூலையோடு, வெயில் படும் பக்கமாக ஒரு இடம் பார்த்து வைத்திருந்தாள். அங்கே பாசி மெத்தை கனமாக இருந்தது. பாசிதான் இந்த மண்ணுக்குப் போர்வை, அதை உரித்தால் வெயில் நேரே உள்ளே இறங்கும். இதை வேலையில் நான் சொல்லாத வீடு இல்லை. ஆனால் அவள் மண்வெட்டியை எடுத்துவிட்டாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் தன்பாட்டில் எதையோ முணுமுணுத்துப் பாடினாள். நானும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். பாசியை உரித்துச் சுருட்டிப் போட்டோம். ஒரு முழம் போவதற்குள் அலவாங்கு டங்கென்று நின்றது. "கல்லோ?" என்றாள். "ஐஸ்" என்றேன். அதற்கு மேல் தோண்டவில்லை.

ஜூன் 7

இடுப்பு வலி. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 16

விதை முளைக்கவில்லை. சூரியன் மறைவதே இல்லை, வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் மண் சில்லிட்டுக் கிடக்கிறது. முளைக்கீரைக்கு அடிச்சூடு வேண்டும். துஷ்யந்தி பாத்தியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி வைத்தியம் தொடங்கியிருக்கிறாள். வடித்த கஞ்சியைப் பச்சைத் தண்ணீரில் கலந்து, இளஞ்சூடாகப் பாத்தியைச் சுற்றி ஊற்றுகிறாள். பாத்திரம் கழுவிய சுடுதண்ணீரும் போகிறது. வாளி வாளியாக.

கழிவுத் தாங்கி இப்போது லாரி வரும் நாள்வரை தாங்குகிறது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஜூன் 28

முளைத்துவிட்டது. ஊசி நுனி அளவில் சிவப்பு முளை. வேலையில் நின்ற என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடிதான் கேட்டேன்.

பின்னேரம் ஸ்காபரோவில் இருக்கும் ராகினி அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். தமக்கைக்கு இவள் இங்கே வந்ததே பிடிக்கவில்லை. "இல்லையக்கா, நல்லாத்தான் இருக்கு. வாற வருஷம் வெண்டியும் போட்டுப் பாக்கலாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வாற வருஷம் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை எழுதி வைப்பதில் வெட்கம் இல்லை. பிறகு போய் லாரிக்காரனுக்குத் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 9

"இஞ்சாருங்கோ, இந்த அடுப்பில ஏதோ பிழை. தோசை ஒரு பக்கம் தடிக்குது."

கல்லில் மா ஊற்றிக் காட்டினாள். மா சன்னல் பக்கமாக ஓடி அங்கேயே கட்டிக்கொண்டது. எண்ணெயும் பின்னாலேயே போனது. அடுப்பின் கால் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, காகித மட்டையை மடித்து அடியில் வைத்தேன். அடுத்த தோசை வட்டமாக வந்தது. "இவ்வளவுதானே" என்றாள். நான்கு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 12

அவள் கடைக்குப் போன நேரம் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அடியில் போனேன். சமையலறை மூலை கட்டைவிரல் அளவு அமுங்கியிருந்தது. ஜாக்கைத் திருகி மட்டமாக்கினேன். அடுப்புக்குக் கீழே வைத்த மட்டையையும் எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் தோசை மற்றப் பக்கம் தடிக்கும்.

ஜூலை 18

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தூணோடு ஒட்டிப் பூப்பாத்தி வெட்டியிருந்தார். பாசியை உரிப்பது எவ்வளவு மோசம், தண்ணீர் தேங்கினால் என்ன நடக்கும், அந்த வீடு யாருடைய சொத்து என்று அவருக்கு நன்றாகச் சொன்னேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பூவை எல்லாம் பிடுங்கிப் பாசியைத் திரும்பப் போடச் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

வரும் வழியில் துஷ்யந்தி கேட்ட கொத்தமல்லி விதை வாங்கினேன்.

ஜூலை 27

இரவில்லாத வெயிலில் கீரை ஓடி வளர்கிறது. சாப்பிட்டு முடியவில்லை. துஷ்யந்தி கட்டுக் கட்டாகக் கட்டி அயலுக்குக் கொடுக்கிறாள். எங்கள் அலுவலகத் தலைவி பெர்னடெட்டுக்கும் ஒரு கட்டு போனது. பெர்னடெட் இந்த ஊர்க்காரி. கீரையைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் துஷ்யந்திக்குப் புகையூட்டிய மீன் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்று நெடுநேரம் சிரித்தார்கள். பெர்னடெட் பாத்திப் பக்கம் போய்ப் பார்க்கக் கூடாதே என்று நான் தேத்தண்ணீர் போட்டு உள்ளே கூப்பிட்டேன்.

மூலை ஜாக்கைத் திரும்பவும் திருகினேன். தூணடியில் என் சப்பாத்து சேற்றில் புதைந்தது.

ஓகஸ்ட் 4

திருகிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போன துஷ்யந்தி நேரத்தோடு வந்துவிட்டாள். என் இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும்.

"லீவு நாளிலயும் படுக்க வேணுமே?"

"குழாய் பார்க்கிறன்."

"எங்கட வீட்டுக்கும் ஏதாவது வருத்தமோ?"

"ஒண்டுமில்லை."

கொஞ்ச நேரம் அவளுடைய செருப்பு அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. பின்னேரம் பாத்தியில் களை பிடுங்கினாள், நான் வாளி தூக்கிக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 11

சாப்பிடும்போது கேட்டாள்.

"அந்த டிக்கெட்டை மாத்தலாமோ?"

"மாத்தலாம்."

இன்னும் ஏதோ சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மோர் விட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

ஜாக்கில் திருக இன்னும் இரண்டு விரல் அளவுதான் மிச்சம் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் மேல்மண் உறையத் தொடங்கும். அதுவரை தாங்கினால் போதும். பிறகு பனி மூடிவிடும், பாத்தியும் இராது, வருகிற கோடைக்குள் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பாத்தியைப் பெட்டிக்கு மாற்றிவிடலாம். இதுதான் என் திட்டம். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

ஓகஸ்ட் 17

காலையில் நாற்றம். வீட்டுக்கு அடியில் கழிவுக் குழாய் மூட்டோடு முறிந்திருந்தது. தாங்கி மண்ணோடு அமுங்க, வீட்டை நான் மேலே மேலே தூக்க, குழாய் எவ்வளவுக்குத்தான் இழுபடும். வழிந்த கழிவு கீழே இறங்காமல் தூணைச் சுற்றிக் குளமாக நின்றது. லாரிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டான்.

பெர்னடெட் வந்தாள். முழங்காலில் நின்று உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டது இவ்வளவுதான்.

"இந்த ஜாக் நுனிவரை ஏறியிருக்கிறது. யார் திருகியது?"

"நான்."

"எப்போதிருந்து?"

"ஜூலையிலிருந்து."

"ஜூலையில் என்னிடம் சொல்லியிருந்தால் பாத்தியை மூடிவிட்டு, நாலு வண்டி சரளைக்கல்லோடு முடித்திருப்பேன்" என்றாள். சத்தம் போடவில்லை. நான் பாத்தியைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். துஷ்யந்தி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

பெர்னடெட் போன பிறகு உள்ளே வந்தோம். தண்ணீரைப் பூட்டியிருந்ததால் சமையல் இல்லை. பாண் இருந்தது, சாப்பிடவில்லை.

"நான் ஊத்தின தண்ணியாலயோ?"

"அதாலயும். பாசியை உரிச்சதாலயும்."

"எப்ப தொடங்கி உங்களுக்குத் தெரியும்?"

"தோசை தடிக்கேக்க."

"அடுப்புக் கால் எண்டு சொன்னியள்."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஊத்தாதேயும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனே."

"தோட்டம் இல்லையெண்டா நீர் போயிடுவீர் எண்டு நினைச்சன்."

இன்றைக்கு அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் கீரைக்காகவோ இஞ்ச இருந்தனான்? உங்களோட இருக்கத்தானே வந்தனான். டிக்கெட்டை மாத்தலாமோ எண்டு வாய்விட்டுக் கேட்டன். இரும் எண்டு ஒரு சொல்லு வரேல்லை. வீட்டைத் திருகத் தெரியுது, அதைக் கேக்கத் தெரியேல்லை."

நான் போய்ச் சன்னலைச் சாத்தினேன். நாற்றம் அப்படியே இருந்தது.

ஓகஸ்ட் 19

இரண்டு பேரும் சேர்ந்து பாத்தியை மூடினோம். கீரையை அவள்தான் பிடுங்கினாள், ஒன்றொன்றாக, வேரில் மண்ணை உதறி உதறி. கழிவு பட்ட இடமென்பதால் ஒன்றையும் சாப்பிட முடியாது, எல்லாம் குப்பைப் பைக்குள் போனது. சுருட்டிப் போட்டிருந்த பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது. பெர்னடெட் அனுப்பிய சரளைக்கல்லைக் கொட்டிப் பரப்பினோம். உதவிக்கு ஆள் வேண்டுமா என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்று துஷ்யந்தி சொல்லிவிட்டாள்.

ஓகஸ்ட் 23

அலுவலக முடிவு வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாரிக் குளிரில் மண் நன்றாக இறுகிய பிறகு துளை போட்டு ஆழமாக இரும்புத் தூண் இறக்குவார்கள், அதற்குப் பிறகுதான் அதில் ஆள் இருக்கலாம். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் குளிர்காலம் முடியும்வரை ஜாக்கைத் தொடக் கூடாது, சாமான் களஞ்சியத்தில் நிற்க வேண்டும். இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன். தங்குவதற்குத் தொழிலாளர் விடுதியில் ஒரு அறை, ஒரு ஆளுக்கு.

துஷ்யந்தியிடம் சொன்னேன். "அப்ப நான் டிக்கெட்டை மாத்தத் தேவையில்லை" என்றாள். பெட்டியை எடுத்து விரித்து வைத்தாள்.

ஓகஸ்ட் 31

விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. இங்கே அப்படி வருவது அபூர்வம், இன்றைக்குப் பார்த்து வந்தது.

பெர்னடெட் வழியனுப்ப வந்திருந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் துஷ்யந்தி, "இடுப்பு மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ. களஞ்சியத்தில பாரம் தூக்காதேங்கோ" என்றாள். நான் சரி என்றேன். போகாதேயும் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒரு கட்டில் மட்டும் இருக்கிற அறையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் ஏறிவிட்டாள். அறைக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை, நேரே வேலைக்குப் போனேன்.

செப்டம்பர் 8

களஞ்சியம். ஆணி எண்ணினேன். இங்கே சோறு சமைக்க வசதி இல்லை, கன்ரீன் சாப்பாடு.

செப்டம்பர் 14

அவள் இல்லாமல் மிகவும் கஷ்டமாக இருக்கிறது. போன மாரியில் இப்படி இல்லை.

செப்டம்பர் 21

இன்றைக்குப் பனி விழுந்தது. வேலை முடிந்து பழைய வீட்டைப் போய்ப் பார்த்தேன். சமையலறை மூலை இன்னும் சரிந்திருந்தது, இப்போது கண்ணுக்கே தெரிகிறது. வெளியே நின்றபடி துஷ்யந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வழக்கமாக மகள் கூப்பிட்டாளா, மழை பெய்ததா என்று கதைத்துவிட்டு வைப்போம். இன்றும் அதெல்லாம் கதைத்து முடிந்தது. வைக்கப் போனாள்.

"துஷ்யந்தி, நீர் இஞ்ச வந்து என்னோட இருப்பீரோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ராகினி அக்கா வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள் போல.

"இதை மே மாசம் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருக்கலாம்."

"டிசம்பரில வாறன்."

"டிசம்பரில இஞ்ச சூரியனே எழும்பாது. மண் கல்லாக் கிடக்கும், வெளியில ஒரு பச்சை இலை இராது. வீடும் முடிஞ்சிராது. மே மாசம் வாருமன்."

"எல்லாம் தெரியும். அதுக்குத்தான் டிசம்பரில வாறன் எண்டனான்."

நாளைக்குக் காலையில் பெர்னடெட்டிடம் போய் இன்னொரு கட்டில் கேட்க வேண்டும்.